அறுபதைத் தாண்டியவர்களுக்கு: வீட்டையும் பழக்கத்தையும் உடம்புக்கு ஏற்ப மாற்றும் வழி

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பால் மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். கீழ்ப்பட்டை தீர்ந்துபோனால் மரத்தை யாரும் கைவிடுவதில்லை. நீளக் கம்பு பிடித்த கத்தியோடு அண்ணாந்து நின்று மேல்பட்டையை வெட்டுவார்கள். கத்தி மாறும், நிற்கிற விதம் மாறும், பால் பிடிக்கும் மங்கில் பால் விழுந்துகொண்டுதான் இருக்கும். மரத்துக்குக் காட்டிய இந்தப் புத்தியை நம்மவர்கள் தங்கள் உடம்புக்குக் காட்டுவதில்லை. சிலர் "எனக்கு ஒன்றுமில்லை" என்று நாற்பது வயதில் செய்ததை அப்படியே செய்கிறார்கள். சிலர் ஒருமுறை தடுக்கி விழுந்ததும் "இனி முடியாது" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக (மருத்துவ உதவியாளராக) இருந்த காலம் முழுவதும் இரு சாராரையும் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டவர்கள்தான் சீக்கிரம் படுத்தார்கள்.

எனக்கு 64 வயதில், விடியற்காலை மூன்று மணிக்குக் குளியலறை வாசலில் வழுக்கி இடது மணிக்கட்டு முறிந்தது. இரண்டு நாள் பிள்ளைகளிடம் சொல்லாமல் துணி சுற்றி மறைத்து வைத்தேன். அந்த வெட்கம் எலும்பு முறிவைவிடக் கெட்டது என்று இப்போது நினைக்கிறேன். வெட்கத்தை விட்டுவிட்டு அதன்பின் நான் செய்தவற்றையும், மற்றவர்களுக்குச் செய்து கொடுத்தவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். அறுபதுக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், வீட்டில் தாய் தகப்பனை வைத்திருக்கும் பிள்ளைகளுக்கும் இது.

முதலில் உங்கள் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்

கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்காருங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். 30 விநாடிகளில் எத்தனை முறை முழுதாக எழுந்து நின்று உட்கார முடிகிறது என்று ஒருவர் எண்ணட்டும். 60 முதல் 64 வயது ஆண்களுக்கு 14 முறை, பெண்களுக்கு 12 முறையாவது வர வேண்டும். 65 முதல் 69 வயதில் ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 11. அதற்குக் குறைந்தால் தொடையில் பலம் குறைந்திருக்கிறது, விழும் ஆபத்து கூடியிருக்கிறது என்று பொருள்.

அடுத்து, நாற்காலியிலிருந்து 3 மீட்டர் தூரத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். எழுந்து வழக்கமான நடையில் கோடு வரை போய்த் திரும்பி வந்து உட்கார 12 விநாடிகளோ அதற்கு மேலோ ஆனால் அதுவும் எச்சரிக்கைதான். தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பாருங்கள். சர்க்கரை அளவையும் ரத்த அழுத்தத்தையும் எழுதி வைக்கிற நம் வீடுகளில் கால் பலத்தை யாரும் எழுதி வைப்பதில்லை.

கட்டிலிலிருந்து கழிவறை வரை

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்தப் பாதையைத்தான். வயதாகும்போது சிறுநீர்ப்பையில் தங்கும் அளவு குறைகிறது. சிறுநீரகம் இரவில் முன்பைவிட அதிகச் சிறுநீரை உண்டாக்குகிறது. பகலெல்லாம் காலில் தேங்கிய நீரும் படுத்த பிறகு ரத்தத்தில் சேர்ந்து வெளியே வரப் பார்க்கிறது. ஆக, தூக்கக் கலக்கம், இருட்டு, அவசரம் மூன்றும் ஒன்றுகூடும் நேரத்தில்தான் இந்தப் பாதையில் நடக்கிறோம்.

இன்று இரவே அதை நடந்து பாருங்கள். பிள்ளைகளில் ஒருவர் பின்னால் வரட்டும். உங்கள் கை எதையெதைத் தேடிப் பிடிக்கிறது என்று அவர் பார்க்க வேண்டும். கை தானாகப் போகிற இடத்தில்தான் பிடிமானம் வேண்டும். நான் என் வீட்டில் பார்த்தபோது என் கை துண்டு காயப்போடும் கம்பிக்குப் போனது. அது ஒரு மனிதனின் எடையைத் தாங்குவதற்காக மாட்டியது அல்ல. அதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கைப்பிடியைப் பொருத்தினேன். வெற்றிடம் உள்ள செங்கல் சுவரில் சாதாரண ஆணி நிற்காது, அதற்குரிய பிடிப்பாணி போடச் சொல்லுங்கள். பொருத்தி முடித்ததும் வேலை செய்தவரையே முழு பலத்தோடு தொங்கிக் காட்டச் சொல்லுங்கள். ரப்பரால் உறிஞ்சி ஒட்டும் கைப்பிடிகளை நம்பாதீர்கள், ஈரத்தில் கழன்று வரும்.

தாமான் (குடியிருப்பு) வீடுகளில் குளியலறை வாசலில் இரண்டு மூன்று அங்குல மேடு இருக்கும். என்னை விழவைத்தது அதுதான். இடித்துச் சரிசெய்ய முடியாவிட்டால் அதன் விளிம்பில் மஞ்சள் சாயம் பூசுங்கள். தரையும் மேடும் ஒரே நிற ஓடாக இருந்தால் வயதான கண்ணுக்கு அது சமதரையாகத்தான் தெரியும். கால்மிதித் துணிகளை எடுத்துவிடுங்கள். பழைய துணியை மடித்துப் போட்ட கால்மிதியைவிட ஆபத்தான பொருள் நம் வீடுகளில் குறைவு. தரையில் இழுபடும் கைலியையும் பாத்தேக் சாரோங்கையும் ஒரு சாண் உயர்த்தித் தைத்துக்கொள்ளுங்கள். அடி தேய்ந்த ஜப்பான் சிலிப்பரை இன்றே வீசுங்கள்.

குளியலறைக் கதவு உள்பக்கமாகத் திறக்கிறதா? உள்ளே விழுந்தவர் கதவின்மேல் சாய்ந்து கிடந்தால் வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி செய்யுங்கள், அல்லது மடிப்புக் கதவு போடுங்கள். அதுவரை தாழ்ப்பாள் போடும் பழக்கத்தையாவது விடுங்கள்.

இன்னும் தோட்டத்து லயத்து (வரிசை) வீடுகளில் இருப்பவர்கள் சிலருக்குக் கழிவறை வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. ராத்திரியில் படி இறங்கி, கால்வாயைத் தாண்டி, ஈர சிமெண்டில் நடக்க வேண்டும். அவர்கள் கட்டிலருகே, இருக்கைக்கு அடியில் பாத்திரம் உள்ள கமோட் நாற்காலி ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். சாமி மேடை இருக்கிற வீட்டில் இதை எப்படி வைப்பது என்று தயங்கியவர்கள் உண்டு. மூடியும் ஒரு திரைத்துணியும் போதும். அந்த நாற்காலியில் அடிப்பாத்திரத்தை எடுத்துவிட்டுக் குந்து கழிவறைக்கு மேலேயும் வைக்கலாம். முட்டி மடங்காதவர்களுக்குப் பெரிய நிம்மதி அது.

தண்ணீரைப் பகலிலேயே குடித்து முடியுங்கள். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு குறைத்துக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தே தாரிக்கும் கோப்பியும் வேண்டாம். மாலையில் ஒரு மணி நேரம் கால்களைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்தால் தேங்கிய நீர் தூங்கும் முன்பே வெளியேறும். நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எந்த நேரத்தில் சாப்பிடுவது என்று மருத்துவரிடம் கேளுங்கள். இதையெல்லாம் செய்தும் இரவில் மூன்று நான்கு முறை எழவேண்டியிருந்தால் வயதின்மேல் பழிபோட்டு விட்டுவிடாதீர்கள். சர்க்கரையோ, ஆண்களுக்கு புராஸ்டேட் சுரப்பி வீக்கமோ காரணமாக இருக்கலாம்.

எழுந்திருப்பதற்கும் ஒரு முறை உண்டு

தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போகிற அவசரத்தில் நாலு மணிக்குத் துள்ளி எழுந்து பழகிய உடம்பு நம்முடையது. படுத்தவர் எழுந்து நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்குகிறது. இளம் வயதில் உடனே குழாய்கள் இறுகி அழுத்தத்தைச் சரிசெய்துவிடும், வயதில் அது தாமதமாகிறது. நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளிகளோ அதற்கு மேலோ இறங்கினால் மருத்துவர் கவனிக்க வேண்டிய விஷயம். கிளினிக்கில் உட்காரவைத்து மட்டும் பார்க்கிறார்கள் என்றால், நிற்கவைத்தும் ஒருமுறை பார்க்கும்படி பணிவாகக் கேளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. கண் விழித்ததும் கணுக்காலை இருபது முறை மேலும் கீழும் ஆட்டுங்கள். எழுந்து கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்காருங்கள். பிறகு கட்டிலைப் பிடித்தபடி நின்று பத்து எண்ணுங்கள். அதன் பின் நடங்கள்.

வெளிச்சம்

இருபது வயதில் கண்ணின் உள்திரைக்குப் போய்ச் சேர்ந்த வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபதில் போய்ச் சேர்கிறது. கண்மணி சுருங்குகிறது, கண்ணின் வில்லை மஞ்சளாகிறது. ஆகவே மின்கட்டணத்துக்குப் பயந்து சமையலறையில் மங்கல் விளக்கு வைப்பது தவறான சிக்கனம். எல்.இ.டி. விளக்குகள் குறைந்த மின்சாரத்தில் நல்ல வெளிச்சம் தருகின்றன. நடைவழியில் மட்டும் இரவு முழுவதும் எரியும் சிறிய மஞ்சள் விளக்கு வையுங்கள்.

தூரமும் கிட்டமும் ஒரே கண்ணாடியில் பார்க்கிறவர்கள் படி இறங்கும்போது கவனம். கீழ்ப்பாதி கிட்டப் பார்வைக்கானது, படி மங்கலாகத் தெரியும். அந்திப் பொழுதில் எதிர் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசி, சில விநாடிகள் ஒன்றுமே தெரியவில்லை என்றால் புரை வளர்ந்திருக்கலாம். பரிசோதிக்கும் வரை மாலையில் மோட்டார் எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போகாதீர்கள். கண்புரை அறுவை சிகிச்சை அரசாங்க மருத்துவமனைகளில் வழக்கமாக நடப்பதுதான். முழுதாகக் கண் மறைந்த பிறகு போகலாம் என்று காத்திருக்கும் பழக்கத்தால் எத்தனையோ பேர் தேவையில்லாமல் விழுந்திருக்கிறார்கள்.

பலம் குறைந்தால் ஓய்வு மருந்தல்ல

நாற்பது வருடம் உழைத்துவிட்டோம், இனி எதற்கு உடற்பயிற்சி என்று கேட்பார்கள். உழைப்பு சில தசைகளை மட்டும் வளர்த்தது, சில மூட்டுகளைத் தேய்த்தது. கீழ்ப்பட்டைக்குக் குனிந்தவர்களுக்கு இடுப்பு, செம்பனைக் குலை வெட்டியவர்களுக்குத் தோளும் கழுத்தும், உதிரிப் பழம் பொறுக்கிய பெண்களுக்கு முட்டி. வேலை நின்றதும் தசை கரைகிறது, தேய்ந்த மூட்டைத் தாங்க ஆள் இல்லாமல் போகிறது. முட்டி வலிக்கு முதல் மருந்து தொடைத் தசைதான்.

உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது பலப் பயிற்சியும், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. நம் வாழ்க்கையில் அதை இப்படிச் சேர்க்கலாம். நாற்காலியில் எழுந்து உட்காரும் அந்தச் சோதனையையே காலையில் பத்து, மாலையில் பத்து என்று பயிற்சியாகச் செய்யுங்கள். சோறு பொங்கும் நேரத்தில் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் பத்து விநாடி நில்லுங்கள், பிறகு அடுத்த கால். குதிகாலை மற்றக் காலின் விரல் நுனியோடு ஒட்டி வைத்துப் பத்து அடி நடங்கள். வாழைக்கும் கீரைக்கும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாதீர்கள். பெரிய வாளியை மட்டும் இரண்டு சிறிய வாளியாக்கிக்கொள்ளுங்கள். மண்வெட்டிக்கு நீளப் பிடி போடுங்கள்.

சாப்பாட்டில் ஒரு குறை சொல்ல வேண்டும். பல் போனதும் பெரியவர்கள் கஞ்சி, ரொட்டி, இனிப்புப் பால் ஊற்றிய மைலோ என்று மெல்ல நகர்ந்துவிடுகிறார்கள். தசைக்கு வேண்டியது புரதம். மூத்தவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் என்று பரிந்துரைக்கிறார்கள், 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 கிராமுக்குக் குறையாமல். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. மூன்று வேளையிலும் முட்டை, மீன், கோழி, பருப்பு, சோயாவில் செய்த தவ்ஹூ, தெம்பே எதையாவது சேர்த்தால்தான் எட்டும். தவ்ஹூவும் மென்மையாக அவித்த மீனும் பல் இல்லாதவருக்கும் ஆகும். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

நாக்கும் மூக்கும் மங்குவதால் குழம்பில் உப்பு கூடிக்கொண்டே போகும். புளி, சீரகம், எலுமிச்சை கூட்டி உப்பைக் குறையுங்கள். மூக்கு மங்கியவருக்குச் சமையல் வாயுக் கசிவும் தெரியாது. ஆகவே அடுப்பை அணைத்ததும் சிலிண்டர் வாயையும் மூடுவதைப் பழக்கமாக்குங்கள்.

கால் பாதம்

இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். மலேசியாவில் நீரிழிவு விகிதம் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். சர்க்கரை பல வருடம் கட்டுக்குள் இல்லாதபோது பாதத்தின் உணர்ச்சி சாகிறது. வலி தெரியாத கால் வரம் போலத் தோன்றும். உச்சிவேளையில் கோயில் வெளிப் பிரகாரத்துச் சுடும் தரையில் ஒருவர் நிதானமாகச் சுற்றி வருவதைப் பார்த்திருக்கிறேன். எல்லாரும் பக்தி என்றார்கள். அன்று மாலை அவர் பாதத் தோல் கொப்புளமாக உரிந்திருந்தது, அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. சர்க்கரை உள்ளவர்கள் தீ மிதிக்க நேர்ந்துகொள்ள வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறேன். வேறு நேர்த்திக்கடன் எத்தனையோ இருக்கிறது.

கோயிலுக்குக் காலையிலோ மாலையிலோ போங்கள். கோயில் கமிட்டியில் இருப்பவர்கள் நடைவழியில் ஈரச் சணல் விரிப்பு போட்டு, சுவரோரம் பத்து நாற்காலி வையுங்கள். தரையில் உட்கார்ந்து எழ முடியாத ஒரே காரணத்தால் பூசைக்கு வருவதை நிறுத்திய பெரியவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள்.

தினமும் இரவில் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். விரல் இடுக்கைத் துடைத்துக் காயவையுங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள். வெந்நீரில் காலை வைக்கும் முன் முழங்கையால் சூடு பாருங்கள். ஆறாத புண், நிறம் மாறிய விரல் இருந்தால் மறுநாளே கிளினிக்.

வெயிலும் தண்ணீரும்

வயதில் தாகம் குறைவாகத் தெரியும், வியர்வையும் குறையும். உடம்பு காய்ந்துகொண்டிருக்கும், வாய் கேட்காது. ஆகவே தாகத்தை நம்பாமல் காலையிலேயே ஒரு போத்தலில் தண்ணீர் நிரப்பி மாலைக்குள் முடியுங்கள். இதய, சிறுநீரக நோயாளிகள் மருத்துவர் சொன்ன அளவோடு நிற்க வேண்டும். மலேசிய வானிலை ஆய்வுத் துறை தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 டிகிரி வரை போனால் முதல் நிலை எச்சரிக்கை விடுகிறது. அந்த நாட்களில் கொல்லை வேலையைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள்.

காது

முதலில் மங்குவது மெல்லிய, கூர்மையான ஓசைகள். ச, ஸ, த, ப எழுத்துகள் ஒன்றோடொன்று கலக்கும், பேரப்பிள்ளைகளின் குரல் புரியாது. வீட்டில் உள்ளவர்கள் கத்திப் பேசினால் மேலும் குழம்பும். தொலைக்காட்சியை நிறுத்தி, எதிரே உட்கார்ந்து, முகம் தெரிய நிதானமாகப் பேசுங்கள். காதில் காய்ச்சிய எண்ணெய் விடாதீர்கள், குச்சி விடாதீர்கள். அழுக்கு அடைப்பாக இருந்தால் கிளினிக்கில் எடுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் செவித்திறன் சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

மருந்தும் பசார் மாலாம் போத்தலும்

முட்டி வலிக்கு என்று பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் மாத்திரை, மாஜூன் லேகியம், தூள்களை வாங்கும் முன் பெட்டியில் "மால்" (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுத்தாளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பதிவில்லாதவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. இரண்டே நாளில் வலி பறந்துவிடும், முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு கரையும். அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. இப்போது சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் பெட்டியோடு மருத்துவரிடம் போங்கள்.

கடையில் வாங்கும் சளி மாத்திரைகள் சில தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் கொடுக்கும். வருடத்துக்கு ஒருமுறை வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரே பையில் போட்டு எடுத்துப்போய், எது இன்னும் வேண்டும், எது வேண்டாம் என்று கேளுங்கள்.

உதவிகள்

குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசாங்கம் தரும் எஸ்.டி.ஆர். உதவித்தொகை பெறுகிறவர்களும் அவர்களுடைய கணவன் அல்லது மனைவியும் 40 வயதிலிருந்து பெக்கா பி40 என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை செய்துகொள்ளலாம். அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சைக்குத் தேவைப்படும் சில கருவிகளுக்கு அதே திட்டம் 20,000 வெள்ளி (ரிங்கிட்) வரை தருகிறது. வருமானமில்லாத 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் முதியோர் உதவித்தொகைக்கு மனுச் செய்யலாம். 2025 முதல் அது மாதம் 600 வெள்ளி. அடையாளக் கார்டும் வங்கிக் கணக்குப் புத்தகமும் எடுத்துப்போங்கள், எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரையும் கூட்டிப்போங்கள். அங்கேயே முதியோர் நடவடிக்கை மையம் அருகில் எங்கே இருக்கிறது என்றும் விசாரியுங்கள்.

விழுந்துவிட்டால்

எல்லாம் செய்தும் விழலாம். விழுந்ததும் உடனே எழ முயலாதீர்கள். ஒரு நிமிடம் அப்படியே கிடந்து, எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். இடுப்பு அசைக்க முடியாமல் வலித்தாலோ, தலை அடிபட்டிருந்தாலோ அசையாமல் உதவிக்குக் கூப்பிடுங்கள். ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தலையில் லேசாக இடித்திருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடி இல்லையென்றால் பக்கவாட்டில் புரண்டு, கையூன்றி முட்டி போட்டு, அருகிலிருக்கும் உறுதியான நாற்காலிக்குத் தவழ்ந்து போங்கள். இரண்டு கையையும் அதன்மேல் வைத்து, பலமான காலை முன்னால் ஊன்றி எழுந்து, திரும்பி அதிலேயே உட்காருங்கள். இதை நல்ல உடம்போடு இருக்கும்போது பாயில் படுத்து, பிள்ளைகள் பக்கத்தில் நிற்க, இரண்டு முறை பழகிப் பாருங்கள்.

கைத்தொலைபேசியை மேசையில் வைத்தால் தரையில் கிடப்பவருக்கு எட்டாது. கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிடுங்கள், அல்லது இரவில் கட்டில் காலருகே தரையோடு வையுங்கள். 999 எண்ணையும் மூத்த பிள்ளையின் எண்ணையும் ஒரே பொத்தானில் அழைக்கும்படி பேரப்பிள்ளைகளிடம் சொல்லி அமைத்துக்கொள்ளுங்கள். தனியாக இருப்பவர்கள் வீட்டுச் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்து, காலை ஏழு மணிக்குள் முன் ஜன்னல் திறக்கவில்லை என்றால் வந்து கதவைத் திறந்து பார்க்கும்படி சொல்லி வையுங்கள்.